மின்வழங்கி: பழுதறியும் நெறி

தருமபுரி, பென்னாகரம், அரூர், பாலக்கோடு ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் மின்னணுக் கருவிகளைப் பழுதுநீக்கும் சிறு கடைகளைக் காணலாம். தமிழக அரசு 2006ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தினால் 14 அங்குலப் பெட்டிகள் எளியோர் இல்லங்களையும் சென்றடைந்தன. பெட்டிகள் பெருகியபோது பழுதுகளும் ஊர்தோறும் வரத்தானே செய்யும்! அவற்றுள் ஒன்று, வீட்டில் மின்சாரம் இருந்தும் பெட்டி உயிர்பெறாமல் கிடப்பது. மின்சுற்றுப் பலகை முழுவதையும் மாற்றிவிடுமாறு கூறுவது எளிது. கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்திற்கு அச்செலவு எளிதன்று. சில ரூபாய் பெறும் உறுப்பொன்றே பழுதுக்குக் காரணமாக இருத்தலும் உண்டு. அதனைக் கண்டறியும் நெறியே இப்பாடத்தின் பொருள்.

வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம், மின்னுருகியைக் கடந்து, நான்கு டையோடுகளால் ஆன திருத்தியை அடைகிறது. அங்கு நேர்திசையாக்கப்பட்டு, பெரிய மின்தேக்கி ஒன்றில் ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. டிரான்சிஸ்டர் ஒன்று அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்துத் துண்டிக்க, சிறிய மின்மாற்றியின் மறுபக்கத்தில் கருவிக்கு வேண்டிய மின்னழுத்தங்கள் கிடைக்கின்றன. வெளியீடு கூடினும் குறையினும் அச்செய்தியை ஒளியிணைப்பி என்னும் உறுப்பு முதற்பக்கத்திற்கு அறிவிக்கிறது. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என வழங்குவது இவ்வமைப்பையே.

கடைமடைக்கு நீர் வாராதபோது, அனுபவமுள்ள உழவர் வாய்க்காலின் நடுவிலுள்ள மடையை முதலில் பார்ப்பார். அங்கே நீர் இருப்பின் தடை கீழே, இல்லையெனில் மேலே. மின்வழங்கியில் அந்நடுமடை, பெரிய மின்தேக்கியே. மல்டிமீட்டர் அங்கு 325 வோல்ட்டுக்கு அண்மையில் காட்டினால், மின்னுருகியையும் திருத்தியையும் ஐயுற வேண்டியதில்லை. ஒரே அளவீட்டில் பாதிச் சுற்று விலகிவிடுகிறது.

அங்கு மின்னழுத்தம் இல்லையெனில் மின்னுருகியை நோக்குக. அதன் கண்ணாடி கருகியோ வெள்ளிபோல் பூசப்பட்டோ இருந்தால், உள்ளே எங்கோ குறுக்கிணைப்பு நேர்ந்திருக்கிறது. காரணத்தை அறியாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் எரியும். தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதோ தீவிபத்தை அழைப்பதாகும். பழுதுநீக்குவோர் 100 வாட் இழைவிளக்கைத் தொடராக இணைத்துச் சோதிப்பர். விளக்கு மின்னி மங்கினால் பெருங்குறையில்லை. நின்று பிரகாசித்தால் குறுக்கிணைப்பு இன்னும் நீங்கவில்லை.

325 வோல்ட் இருந்தும் வெளியீடு சுழியமாக இருப்பதே நுட்பமான நிலை. டிரான்சிஸ்டரை இயக்கும் ஒருங்கிணைந்த சுற்றுக்குத் தொடக்கத்தில் தானாக மின்சாரம் கிடைப்பதில்லை. 325 வோல்ட்டிலிருந்து பெரிய மதிப்புடைய மின்தடையம் ஒன்றின் வழியே மின்சாரம் கசிந்து சிறு மின்தேக்கியை நிரப்பும். (‘மின்தடை’ என்னும் சொல் மின்சாரம் நின்றுபோவதையும் குறிப்பதால், இங்கு உறுப்பை மின்தடையம் என்றும் நின்றுபோவதை மின்வெட்டு என்றும் வழங்குவோம்.) அம்மின்தேக்கி நிரம்பியதும் சுற்று இயங்கத் தொடங்கும், பின்னர் மின்மாற்றியின் துணைச்சுருள் அதற்கு மின்சாரம் அளிக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல வெப்பத்தால் மின்தேக்கியின் உள்நீர்மம் வற்றுகிறது. துணைச்சுருள் பொறுப்பேற்கும்வரை தாங்கும் அளவுக்கு அதனிடம் ஆற்றல் இருப்பதில்லை.

இதில் வியப்பு யாதெனில், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி இக்குறையைக் காட்டாமல் ஓடிக்கொண்டேயிருக்கக்கூடும். ஒருமுறை நின்றால்தான் மீண்டும் எழ இயலாது. 2012ஆம் ஆண்டில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாள்தோறும் நெடுநேரம் மின்வெட்டு நிலவியது. அத்தகைய காலங்களில் “கரண்ட் வந்த வேகத்தில் டிவி போய்விட்டது” என்று மக்கள் கூறுவது இயல்பு. மிகை மின்னழுத்தம் கருவிகளைக் கெடுப்பது உண்மையே. ஆயினும் உறுப்பு எதுவும் கருகாமல் பெட்டி அடங்கிக் கிடந்தால், இச்சிறு மின்தேக்கியையே முதலில் ஐயுறல் வேண்டும்.

ஒருங்கிணைந்த சுற்றின் மின்னூட்டு முனையில் மின்னழுத்தம் சுழியமாகவே நின்றால் தொடக்க மின்தடையம் அறுந்திருக்கலாம். ஏறி இறங்கி, ஏறி இறங்கித் துடித்தால், சுற்று எழ முயன்று தோற்கிறது என்பது பொருள். மின்தேக்கி வற்றியிருத்தல் அதற்கு ஒரு காரணம். வெளியீட்டுப் பக்கத்தில் டையோடோ, படக்குழாய்ப் பெட்டிகளில் கிடைமட்ட வெளியீட்டு டிரான்சிஸ்டரோ குறுக்கிணைந்திருத்தல் மற்றொரு காரணம். பின்னதில் மின்வழங்கி நலமாகவே இருக்கும். தாங்கவொண்ணாச் சுமையால் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. சுமையைப் பிரித்து, அதற்கு ஈடாக ஓர் இழைவிளக்கை இணைத்து அளந்தால் இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம்.

அளவிடும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வைக்கும் இடமும் கருதத்தக்கது. மின்மாற்றியின் இருபக்கங்களுக்கும் பொதுமுனைகள் வெவ்வேறு. ஒரு பக்கத்தின் மின்னழுத்தத்தை மறுபக்கத்தின் பொதுமுனையோடு ஒப்பிட்டு அளந்தால், இருக்கும் மின்னழுத்தமும் இல்லாததுபோல் தோன்றும். நல்ல உறுப்பைக் கழற்றி எறிய இதுவே போதும்.

எல்லாவற்றினும் மேலாக ஓர் எச்சரிக்கை. இயங்கும் மின்வழங்கியை அணைத்தால் பெரிய மின்தேக்கியின் மின்னூட்டம் விரைவில் செலவாகும். இயங்காத மின்வழங்கியில் அதனைச் செலவழிப்பார் இல்லை. ஆதலின், செருகியைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் நெடுநேரம் தங்கக்கூடும். திருப்புளியால் முனைகளைக் குறுக்கே தொடுவது தீங்கானது. உரிய மின்தடையத்தின் வழியே மின்னூட்டத்தை வடித்து, சுழியம் ஆயிற்றா என அளந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். பயிற்சி பெற்றவர் உடனில்லாதபோது மாணவர் எவரும் மூடியைத் திறத்தல் கூடாது.

மாற்றும் மின்தேக்கி 85 பாகை செல்சியசுக்கு உரியதாயின், 105 பாகைக்கு உரியதை இடுவது நலம். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இவ்வுறுப்பின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர்; வெப்பத்தகட்டை ஒட்டிப் பொருத்தாமல் சற்றே விலக்குவதும் அதனாலேயே. தேர்ந்த பழுதுநீக்குநர் படம் தெரிந்தவுடன் பணி முடிந்ததாகக் கொள்வதில்லை. பெட்டியை அணைத்து, நன்கு ஆறவிட்டு, மீண்டும் இயக்கிப் பார்த்த பின்னரே மூடியைத் திருகுவார்.