அலைன்மெண்ட் மட்டும் போதுமா?

கேள்வி: முன் டயர்களை மாற்றி அலைன்மெண்டும் செய்தேன். மூன்றே மாதத்தில் உட்புறம் தேய்கிறது; காரும் ஒரு பக்கம் இழுக்கிறது. மறுபடி அலைன்மெண்ட் செய்யலாமா? – வாசகர், ஆயர் குரோ

பதில்: இப்போது வேண்டாம். அலைன்மெண்ட் சக்கரத்தின் கோணத்தைத் திருத்துகிறது. தேய்ந்த பால் ஜாயிண்டோ லோவர் ஆர்ம் புஷ்ஷோ அந்தக் கோணத்தை நிலைக்க விடாது. பட்டறையில் அசையாமல் நிற்கும் காரில் அளவு சரியாகவே தெரியும். சாலையில் பிரேக் போட்டதும் புஷ் நெகிழ்ந்து கோணம் மாறிவிடும். ஆகவே காற்றழுத்தத்தைப் பார்த்த கையோடு, சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது). மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெரும்பாலும் பேரிங்தான். இடவலமாக மட்டும் ஆடினால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் மீது சந்தேகப்படலாம். புஷ் கைக்குச் சிக்காது. கம்பியால் நெம்பி ரப்பர் வெடிப்பைப் பார்க்க வேண்டும்.

காரை உங்கள் பெயருக்கு மாற்றியபோது புஸ்பாகோம் வாகனச் சோதனையில் தேறியதே என்பீர்கள். அது அன்றைய நிலைக்கான சான்று மட்டுமே. லாரி, பேருந்துகளுக்கு உள்ளதுபோல் சொந்தக் கார்களுக்கு ஆறு மாதச் சோதனை மலேசியாவில் கட்டாயமில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுமுன் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. தேய்ந்த பாகத்தை மாற்றிவிட்டு, அதன் பிறகு அலைன்மெண்டுக்குப் பணம் கொடுங்கள்.