லயத்து நாய்களோடு குட்டியைப் பழக்க

தேயிலைக் கானுக்குள் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து பாலும் ஊற்றியாயிற்று. மடுல்கெல்ல லயங்களில் நாய் இல்லாத வாசல் ஏது? அவற்றோடு அது வாழப் பழக வேண்டுமே.

1. முதலில் பல்லைப் பாருங்கள். பால்பல் மூன்றாம் கிழமையளவில் முளைக்கத் தொடங்கும். அப்போதிருந்து 12, 14ஆம் கிழமை வரை குட்டி மற்ற நாய்களைச் சுலபமாக ஏற்கும். வயது கூடியதென்றால் கைவிட வேண்டாம், பொறுமைதான் கூட வேண்டும்.

2. ஊசி முடியாத குட்டியைப் பொதுப் பாதையில் இறக்க வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்காகக் காம்பராவுக்குள் பூட்டிவைத்தால் பழகும் வயது போய்விடும். பழைய கொழுந்துக் கூடையில் சாக்கை விரித்து உட்காரவைத்து இஸ்தோப்பில் வையுங்கள். போகிற வருகிற நாய்களைப் பார்க்கட்டும், மோப்பம் பிடிக்கட்டும்.

3. முதல் கூட்டாளி ஊசி போட்ட, நிதானமான கிழட்டு நாயாக இருக்கட்டும். ஒன்றுக்கு ஒன்றுதான், கூட்டத்துக்குள் விடாதீர்கள். எதிரெதிரே நிறுத்தாமல், இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். கயிறு தளர்ந்தே இருக்க வேண்டும். நாம் இறுக்கினால் நம் பயம் கயிற்று வழியே அதற்குப் போய்விடும்.

4. எங்கள் குட்டி தன் கூட்டாளியான கிழட்டு நாயின் காதைக் கடித்தது. கிழவன் உதட்டைத் தூக்கி ஒரு உறுமல். குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டியது. கிழவன் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நான் அதட்டப் போனேன், நல்லவேளை அதட்டவில்லை. அந்த உறுமல்தான் பாடம். ஆனால் குட்டி வாலைக் காலிடுக்குக்குள் விட்டு, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டால் அன்றைக்குப் போதும். விளையாட்டா சண்டையா என்று தெரியாவிட்டால் பெரியதைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டி தானே திரும்பி வந்தால் விளையாட்டு.

5. சாப்பாட்டுத் தட்டு தனித்தனி. எலும்பு அந்தப் பக்கமே வேண்டாம்.

6. மழைநாளில் விரலிடுக்கிலும் மூக்குத் துவாரத்திலும் அட்டை பாருங்கள். நொந்த குட்டி சிடுசிடுக்கும்.

7. விசர்நாய் ஊசியைத் தவறவிட வேண்டாம். கடியோ கீறலோ பட்டால், குட்டிதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம்.

8. சிநேகமாகிவிட்டதே என்று இரண்டையும் இரவில் வெளியே கட்டிவைக்காதீர்கள். நக்கிள்ஸ் காட்டோரம் இது. சிறுத்தைக்கு நாய் என்றால் விருந்து.