அக்சும் நிலைத்திருந்தால்...

நுழையும்முன்

நடந்ததை நடந்தவாறு கூறுவது வரலாறு. நடந்திருக்கக்கூடியதைச் சான்றுகளின் துணையோடு எண்ணிப் பார்ப்பது மாற்று வரலாறு. ஒரு நிகழ்வை மனத்துள் மாற்றிப் பார்க்கும்போது, அந்நிகழ்வின் உண்மையான எடை புலப்படும். செங்கடலின் மேற்குக் கரையை ஆண்ட அக்சும் அரசை முன்வைத்து அத்தகைய ஆய்வொன்றை நிகழ்த்துகிறது இப்பாடம்.

நான்காவது பேரரசு

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த சமயத் தலைவர் மானி. உலகின் பேரரசுகள் நான்கு என அவர் எண்ணியதாக அவருடைய மாணவர்கள் தொகுத்த நூல் கூறுகிறது. பாரசீகம், உரோமை, சீனம் ஆகிய மூன்றும் இன்று யாவரும் அறிந்த பெயர்கள். எஞ்சிய ஒன்றாக அவர் குறித்த அக்சும், ஆப்பிரிக்காவுக்கு வெளியே பலரும் கேட்டறியாத பெயராகிவிட்டது. மற்ற மூன்றையும்போல் அதுவும் நிலைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் வினா இவ்விடத்தில் இயல்பாகவே எழுகிறது.

இவ்வகை வினா இக்காலக் கதையாசிரியர் கண்டுபிடித்ததன்று. அலெக்சாந்தர் கிழக்கே செல்லாமல் மேற்கே திரும்பி உரோமையைத் தாக்கியிருந்தால் வெற்றி யாருக்கு என்று உரோமை வரலாற்றாசிரியர் லிவி தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உரோமையே வென்றிருக்கும் என்பது அவர் கண்ட விடை. அவர் உரோமையர், வேறு விடையை அவரிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. விருப்பத்தை ஆய்வாகக் காட்டும் இக்குறை நேராதிருக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒருமுறைக்கு ஒரு நிகழ்வை மட்டுமே மாற்றலாம். சுற்றியுள்ள ஏனையவற்றை இருந்தவாறே விட்டுவிட வேண்டும்.

மலையும் துறைமுகமும்

இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே, டிக்ரே மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது அக்சும் நகர். அதன் துறைமுகமான அடுலிஸ், இன்றைய எரித்திரியாவின் செங்கடற்கரையில் இருந்தது. முசிறியையும் கொற்கையையும் குறிப்பிடும் 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் கிரேக்க நூல் அடுலிசையும் குறிப்பிடுகிறது. துறைமுகத்திலிருந்து தலைநகரை அடைய எட்டு நாள் நடக்க வேண்டும் என்பது அந்நூல் தரும் கணக்கு. யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமையோடு ஆகியன மலையிலிருந்து இறங்கிக் கப்பலேறின. இந்தியாவின் இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அத்துறையில் வந்து இறங்கின.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்சும் அரசர்கள் பொன், வெள்ளி, செம்பு ஆகிய உலோகங்களில் தம் பெயரால் நாணயம் வெளியிடத் தொடங்கினர். அயல்நாட்டு வணிகர் கைக்குச் செல்லும் பொற்காசுகளில் கிரேக்க எழுத்து இடம்பெற்றது. அக்காசுகள் தென்னிந்தியாவிலும் கிடைத்துள்ளன. அவற்றில் அரசரின் தலையை இருபுறமும் தானியக் கதிர்கள் அணைத்து நிற்கின்றன. கடல் வணிகத்தால் செழித்த அரசு, தன் காசில் கப்பலைப் பொறிக்காமல் கதிரைப் பொறித்தது கவனிக்கத்தக்கது.

நான்காம் நூற்றாண்டில் எசானா என்னும் அரசர் கிறித்தவத்தைத் தழுவினார். அதுவரை காசின் உச்சியில் இருந்த பிறைக்கும் வட்டத்திற்கும் மாற்றாகச் சிலுவை இடம்பெற்றது. உரோமைப் பேரரசோடு அக்சும் கொண்டிருந்த உறவு அதன்பின் மேலும் நெருங்கியது.

தெரிந்து தெளிவோம்
அக்சுமின் மொழி கீயஸ். தொடக்கத்தில் மெய்களை மட்டுமே குறித்த அதன் எழுத்து, எசானாவின் காலத்தையொட்டி உயிரொலிகளையும் காட்டத் தொடங்கியது. தமிழ் உயிர்மெய்யைப் போலவே, அம்மொழியின் ஒவ்வொரு மெய்யும் சேரும் உயிருக்கேற்ப வடிவம் மாறும். ஒரு மெய்க்கு ஏழு வடிவங்கள் உண்டு. அம்காரம், டிக்ரிஞா ஆகிய மொழிகள் இன்றும் இவ்வெழுத்திலேயே எழுதப்படுகின்றன.

பட்டு கேட்ட பேரரசர்

ஆறாம் நூற்றாண்டில் அக்சுமின் ஆற்றல் உச்சத்தை எட்டியது. செங்கடலின் மறுகரையில், இன்றைய யெமனில், ஹிம்யர் அரசு இருந்தது. அதன் மன்னர் யூசுப், நஜ்ரான் நகரத்துக் கிறித்தவர்களைக் கொன்று குவித்தார். 525ஆம் ஆண்டில் அக்சும் அரசர் கேலப் கடல்கடந்து படையெடுத்து ஹிம்யரை வென்றார். கடலின் இரு கரைகளும் ஓர் அரசின் கீழ் வந்தன. படையெடுப்புக்கான ஏற்பாடுகள் நடந்த வேளையில் காஸ்மாஸ் என்னும் வணிகர் அடுலிசில் இருந்தார். எத்தியோப்பியாவிலிருந்து இலங்கைக்குக் கப்பல்கள் சென்றுவந்ததையும் அவர் தம் நூலில் குறித்துள்ளார்.

இச்சூழலில், ஏறத்தாழ 531ஆம் ஆண்டில், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து பேரரசர் ஜஸ்டினியனின் தூதர் கேலப்பிடம் வந்தார். அன்று சீனப் பட்டு பாரசீக வணிகர் வழியாகவே உரோமையர்க்குக் கிடைத்தது. போரில் எதிர்நிற்கும் நாட்டுக்கே பட்டின் விலையாகப் பொன் சென்றுகொண்டிருந்தது. அக்சும் வணிகர் இந்தியரிடம் பட்டை நேரடியாக வாங்கி உரோமையர்க்கு விற்க வேண்டும். ஆதாயம் அக்சுமுக்கு, நிம்மதி உரோமைக்கு. இதுவே ஜஸ்டினியனின் வேண்டுகோள்.

கேலப் இசைந்தார், ஆனால் செயல் கைகூடவில்லை. இந்தியக் கப்பல்கள் முதலில் வந்தடையும் துறைமுகங்களில் பாரசீக வணிகர் முன்பே குடியேறியிருந்தனர் என்றும், வந்த சரக்கு முழுவதையும் அவர்களே வாங்கிவிட்டனர் என்றும் புரோக்கோப்பியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

மாற்றத்தக்க முதல் நிகழ்வு இது. அக்சும் வணிகர் இலங்கைத் துறைகளில் நிலையாகத் தங்கி, பட்டைப் போட்டியிட்டு வாங்கியிருந்தால் அடுலிஸ் செங்கடலின் தலையாய சந்தையாகியிருக்கும். கேலப்பின் கருவூலம் நிறைந்திருக்கும். கப்பல் இருந்தது, வழி தெரிந்திருந்தது, வாங்குவோரும் காத்திருந்தனர். ஆதலின் இது வெறுங்கனவு அன்று. எனினும் அச்செழிப்பு எத்தனை ஆண்டு நீடித்திருக்கும்? 552ஆம் ஆண்டையொட்டித் துறவியர் சிலர் பட்டுப்புழு முட்டைகளைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். பட்டு அங்கேயே விளையத் தொடங்கியபின் அக்சுமின் பட்டு வணிகம் மெல்லத் தேய்ந்திருக்கும். முதல் மாற்றம் தருவது ஒரு தலைமுறைச் செழிப்பு மட்டுமே.

திரும்பாத படை

இரண்டாவது நிகழ்வு ஹிம்யரில் நடந்தது. அங்கு நிறுத்தப்பட்ட படையினர், கேலப் அமர்த்திய ஆட்சியாளரை நீக்கிவிட்டு ஆபிரகா என்பவரை அரசராக்கினர். அவரை அடக்கக் கேலப் அனுப்பிய முதற்படை தன் தலைவரையே கொன்றுவிட்டு ஆபிரகாவோடு சேர்ந்துகொண்டது. இரண்டாம் படை தோற்றுத் திரும்பியது. ஆபிரகா பின்னர்த் திறை செலுத்த இசைந்தாராயினும் ஆட்சி அவரிடமே இருந்தது. 570ஆம் ஆண்டையொட்டிப் பாரசீகர் யெமனைக் கைப்பற்றினர்.

ஆபிரகா உண்மையான ஆளுநராக இருந்திருந்தால், பாரசீகரைச் செங்கடலின் வாயிலிலேயே தடுத்திருக்கலாம். இங்கும் ஒரு தடை குறுக்கிடுகிறது. படையினர் ஏன் திரும்பவில்லை என்பதற்குப் புரோக்கோப்பியஸ் தரும் காரணம் எளியது: யெமனின் நிலம் வளமானது, அதை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. ஆபிரகாவை மாற்றினாலும் அவருக்குப் பின்னால் நின்ற வீரர்களின் மனத்தை மாற்றவியலாது.

மண்ணின் கணக்கு

அவர்கள் விட்டுவந்த தாய்நிலத்தின் நிலை என்ன? பெருகிய தலைநகருக்குச் சோறு வேண்டும், விறகு வேண்டும், இரும்பை உருக்கக் கரி வேண்டும். சரிவுகளில் மரங்கள் குறைந்தன. டிக்ரேயில் மழை சில திங்களுக்குள் கொட்டித் தீர்ப்பது. வேர் பிடிப்பற்ற சரிவில் அம்மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். நகரைச் சுற்றியுள்ள மண்ணடுக்குகளை ஆராய்ந்தோர், நிலம் ஓய்வின்றி உழப்பட்டதும் மண் அரிப்பும் மழைக் குறைவும் நகரின் தளர்ச்சிக்குத் துணைநின்றன என்கின்றனர். அரிப்பின் அளவு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காசில் பொறித்த கதிரை வயலில் விளைவிப்பது கடினமாயிற்று என்பதில் பெரிய ஐயமில்லை.

ஏழாம் நூற்றாண்டில் வெளியுலகமும் மாறியது. உரோமையும் பாரசீகமும் ஒன்றையொன்று போரில் நலித்தன. எகிப்து முதலில் பாரசீகரிடமும் பின்னர் அரேபியரிடமும் சென்றது. அக்சும் பொருள்களை வாங்கிய சந்தை சிதைந்தது. நாணய வெளியீடும் நின்றது. அரேபியர் அக்சுமின்மேல் பகை கொண்டு பாய்ந்தனர் என்பது பிழை. மக்காவில் துன்புற்ற தொடக்ககால இசுலாமியர் சிலர் 615ஆம் ஆண்டையொட்டி அடைக்கலம் தேடிச் சென்றது அக்சும் அரசரிடமே. அவரும் அவர்களைக் காத்தார். அக்சுமை வறியதாக்கியது படையெடுப்பன்று. வணிகம் வேறு வழியில் திரும்பியமையே.

ஆகவே பட்டு கிடைத்திருந்தாலும், ஆபிரகா அடங்கியிருந்தாலும், அக்சும் ஏழாம் நூற்றாண்டின் வாயிலில் இதே இடரைச் சந்தித்திருக்கும். நிலைத்த பேரரசாக அது மாற வேண்டுமெனில் வேறொன்று நடந்திருக்க வேண்டும். கடல் வருவாய் இருந்தபோதே அதனைக்கொண்டு தெற்கேயுள்ள மழை மிகுந்த மேட்டுநிலங்களில் வயல்களையும் நகர்களையும் அமைத்து, அரசின் எடையைத் துறைமுகத்திலிருந்து உழுநிலத்திற்கு மாற்றியிருக்க வேண்டும்.

வியப்பு என்னவெனில், இது பின்னாளில் நடக்கவே செய்தது. காலம் தாழ்ந்து, செல்வம் கரைந்தபின், வேறு பெயர்களில் நடந்தது. அரசியல் மையம் தெற்கே நகர்ந்தது. சாக்வே மரபினர் காலத்தில் லாலிபெலாவின் கோயில்கள் பாறையைக் குடைந்து எழுப்பப்பட்டன. 1270இல் ஆட்சிக்கு வந்த சாலமன் மரபினர் தம்மை அக்சும் அரசர்களின் வழித்தோன்றல் என்றனர். முடிசூட அவர்களுட் சிலர் பழைய அக்சுமுக்கே வந்தனர். 1896இல் இத்தாலியப் படையை எத்தியோப்பியர் முறியடித்த அத்வா, அக்சுமுக்கு அருகில்தான் உள்ளது. அம்மரபின் பெயரால் நடந்த முடியாட்சி 1974இல் முடிவுற்றது.

அக்சும் அரசர்கள் ஒற்றைக் கல்லில் செதுக்கிய நெடுந்தூண்களுள் ஒன்று 24 மீட்டர் உயரமுடையது. இத்தாலியர் 1937இல் அதனை உரோம் நகருக்குக் கொண்டு சென்றனர். 2005இல் அது மூன்று பகுதிகளாக விமானத்தில் திரும்பி வந்தது. 2008இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. அவற்றுள் மிகப் பெரிய தூண் 33 மீட்டர் நீளமும் 500 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. நிமிர்த்தும்போதே அது சாய்ந்திருக்கலாம் என்பர். விழுந்த இடத்திலேயே அது துண்டுகளாக இன்றும் கிடக்கிறது.