செக் புக் வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறோம். செக் புக்கை கூரியரில்தான் அனுப்புவார்களாம். தொலைந்தால் வங்கி பொறுப்பல்ல என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், நல்லூர், திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி எழுதி வாங்குவதை வங்கிகள் தவிர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் சேவை குறித்த 2015 ஜூலை 1 முதன்மைச் சுற்றறிக்கையிலும் இது இடம்பெற்றது. நீங்கள் கேட்டால், உங்களிடமோ உங்கள் அதிகாரம் பெற்றவரிடமோ செக் புக்கை கவுன்ட்டரிலேயே தர வேண்டும்.

தொலைந்த செக்கில் யாராவது கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்தால்? கள்ளக் கையெழுத்திட்ட செக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு அந்த இழப்பை வங்கி வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1987இல் கனரா வங்கி வழக்கில் உறுதி செய்தது. அங்கே செக் புக்கைப் பொறுப்பில் வைத்திருந்த கணக்காளரே 42 செக்குகளில் கைவரிசை காட்டியிருந்தார். கம்பெனி மேஜை டிராயரில் செக் புக்கைப் போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூரியரில் வந்தால் கவரின் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தாள்களை எண்ணி, வரிசை எண்களைக் குறித்து வையுங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றே எழுத்து மூலம் ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். 50,000 ரூபாய் மற்றும் அதற்கு மேற்பட்ட செக்குகளுக்கு, செக் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் பாசிட்டிவ் பே வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். உங்கள் புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.