கொறங்காட்டில் குதிரைக்குப் புல்

மாடு மேய்ந்த காட்டைவிட, புல்லை அறுத்துக் கட்டி வெளியே கொண்டுபோன காடு சீக்கிரம் இளைத்துவிடும். மேய்கிற மாடு தின்றதில் பெரும்பகுதியைச் சாணியும் மூத்திரமுமாக அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பும். அரிவாள் எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு டன் காய்ந்த புல் வெளியேறும்போது அதோடு 15 முதல் 20 கிலோ தழைச்சத்து, 5, 6 கிலோ மணிச்சத்து, 20 கிலோவுக்கு மேல் சாம்பல்சத்து போய்விடுகிறது. புல்லை விற்றவர் மண்ணையும் சேர்த்து விற்றிருக்கிறார், காசு புல்லுக்கு மட்டும் வாங்கியிருக்கிறார்.

தாராபுரம் பக்கம் நாங்கள் குதிரை வளர்க்கிற காடு அப்படி இளைத்த காடுதான். சரளை கலந்த செம்மண், ஓரடி தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டும். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை வந்தால் நல்ல வருடம். முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப்புல் என்று காங்கேயம் மாடுகளை வளர்த்தெடுத்த அதே கொறங்காட்டு அமைப்பு. ஆனால் பல வருடம் குத்தகைக்கு விட்டு, வந்தவர்களெல்லாம் அறுத்து விற்றதில் கொழுக்கட்டை திட்டுத்திட்டாக நின்றது. இடையில் ஊசிப்புல்லும் துடைப்பப்புல்லும் ஏறியிருந்தன. ஊசிப்புல் கலந்த தீவனத்தைக் குதிரைக்குப் போட்டால் முள் ஈறில் ஏறிப் புண்ணாகும். தரையில் அது பெருகுவதைக் கண்டால் மண் சோர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதையும் வாங்கிக் கொட்டுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். மரத்தடி, வரப்பு, சாணி கிடந்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் வி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை சுரண்டி எடுத்து, கலந்து, கால் பாகமாகக் குறைத்துக் குறைத்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். எங்கள் மண்ணில் கார அமில நிலை 8-க்கு மேல். அங்கக கரிமமும் தழைச்சத்தும் அடிமட்டம், சாம்பல்சத்து பரவாயில்லை. வெளிநாட்டுக் குதிரைப் பண்ணைக் காணொளிகளில் வயல் முழுக்கச் சுண்ணாம்பு தூவுவதைப் பார்த்துவிட்டு, நாமும் தூவலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அமில மண்ணுக்குச் செய்கிற வைத்தியம். நம் மண்ணுக்குக் கீழேயே சுண்ணாம்பு படுத்திருக்கிறது. ஜிப்சமும் களர் நிலத்துக்குத்தான் வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார் என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

இங்கே இல்லாதது மக்கு. அது லாயத்திலேயே இருக்கிறது. கத்தியவாரி, மார்வாரி அளவுக் குதிரை ஒன்று ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ லத்தியாவது போடும், வருடத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல். அதைத் தென்னந்தோப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு, புல்லுக்கு யூரியா மூட்டை வாங்குகிற பண்ணைகளைப் பார்த்திருக்கிறேன்!

ஆனால் பச்சை லத்தியை அப்படியே வாரி இறைக்கக்கூடாது. குடற்புழு முட்டைகளும் பார்த்தீனிய விதைகளும் அதில் வரும். நாலைந்தடி உயரத்துக்குக் குவித்து, பிழிந்தால் ஈரம் கசிகிற அளவுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் சில நாளில் உள்ளே 55, 60 டிகிரி சூடு ஏறும். கடப்பாரையைச் சொருகி வைத்து, சற்று நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பார்ப்பேன். கை தாங்காத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வரும்படி இரண்டு மூன்று தடவை புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்துப் புழுவும் விதையும் அப்படியே பிழைத்துக்கொள்ளும். லாயத்தில் மரத்தூள் பரப்புகிறவர்கள் கூடுதல் காலம் மக்கவிட வேண்டும். அரைகுறையாக மக்கிய மரத்தூள் மண்ணிலிருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் இழுத்து வைத்துக்கொள்ள, புல் மஞ்சளடிக்கும். வைக்கோல் பரப்புவது நல்லது, மூத்திரத்தையும் பிடித்து வைக்கும், சாம்பல்சத்து மூத்திரத்தில்தான் அதிகம்.

மக்கியதோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஒரு மாதம் மூடி வைத்துப் போடுகிறோம். சுண்ணாம்பு மண்ணில் மணிச்சத்தைத் தனியாகத் தூவினால் மண் அதைப் பிடித்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. ஏக்கருக்கு நாலைந்து டன், மழைக்குச் சற்று முன்பாக. குடற்புழு மருந்து கொடுத்த பிறகு வருகிற லத்தியைத் தனிக் குவியலாக்குங்கள். ஐவர்மெக்டின் கலந்த லத்தியில் சாணி வண்டின் புழுக்கள் சாகும். காட்டில் விழுகிற சாணியைக் கூலி இல்லாமல் மண்ணுக்குள் இறக்குகிற ஆள் அந்த வண்டுதான்.

லத்தி எட்டாத தூரத்து மூலைகளுக்கு ஆட்டுப்பட்டி. அறுப்பு முடிந்ததும் வரச் சொல்லி, ஒவ்வொரு ராத்திரியும் பட்டியை நகர்த்திப் போடச் சொல்கிறேன். முதல் தடவை வந்த பட்டிக்காரர் தயங்கினார்.

“ஏனுங்க, குதிரை மேஞ்ச காட்டுல பட்டி போட்டா ஆட்டுக்குப் புழு கிழு வந்துருமுங்களா?”

“அப்படி ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. குதிரைப் புழு பெரும்பாலும் ஆட்டு வயித்துல பொழைக்காது. ஆடு மேஞ்சா எங்களுக்குத்தான் லாபம்.”

உண்மைதான். புல் நுனியில் காத்திருக்கிற குதிரைப் புழுவின் குஞ்சுகளை ஆடு தின்று தீர்த்துவிடும்.

குளத்து வண்டலும் சரளை மண்ணுக்கு நல்லது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி அடிக்கலாம். மெல்லிசாகப் பரப்ப வேண்டும், கொழுக்கட்டைத் தூரை மூடிவிடக்கூடாது. புது வண்டல் பரப்பிய வருடம் தரையை ஒட்டி அறுத்தால் மண்ணும் சேர்ந்து கட்டுக்குள் வரும், குதிரைக்கு வயிற்றுவலி வரும்.

இனி, கொழுக்கட்டைப்புல்லின் இன்னொரு முகம். மாட்டுக்கு ஆகும் புல்லெல்லாம் குதிரைக்கு ஆகாது. இந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட, உடம்பு எலும்பிலிருந்து உருவிச் சரிக்கட்டும். மாதக்கணக்கில் இது மட்டுமே தின்ற குதிரை நொண்டும், தாடையும் மூக்கெலும்பும் வீங்கும். தவிட்டை அள்ளி வைத்தால் இன்னும் மோசம், அதிலுள்ள மணிச்சத்து நிலைமையை முடுக்கிவிடும். அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரைக்குச் சுழி பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தாடையைத் தடவிப் பார்ப்பவர் குறைவு.

அதனால் காட்டுக்குள் பயறுவகைகளைக் கொண்டுவருவது மண்ணுக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் வேண்டியதாகிறது. முயல் மசால் சரளை மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிடம் போட்டெடுத்துப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்தால்தான் முளைக்கும். நரிப்பயறு எங்கள் பக்கத்தில் தானாகவே வரும், பூத்து விதை கொட்டும்வரை அறுக்காமல் விட்டால் போதும். திட்டு விழுந்த இடங்களில் புரட்டாசி மழைக்குக் கொள்ளு விதைத்தோம். கிணற்றடியில் கால் ஏக்கர் குதிரை மசால். இதோடு வெளியே வாங்குகிற கடலைக்கொடியையும் சோளத்தட்டையும் கலந்துதான் கொழுக்கட்டையைப் போடுகிறோம்.

காட்டை மட்டும் உழுவதில்லை. தூர் பிடித்த கொழுக்கட்டையை உழுது புரட்டுவதைவிட, வெறும் திட்டுகளைக் கொத்திவிட்டு விதை தூவுவது மேல். அறுப்பதும் பாதிப் பூ வந்ததும், தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு. மாட்டைப்போல நாக்கால் சுருட்டி இழுக்காமல் மேல், கீழ்ப் பல் இரண்டாலும் ஒட்டக் கத்தரிக்கிற பிராணி குதிரை என்பதால், அறுத்து மூன்று வாரமாவது அந்தப் பக்கம் விடுவதில்லை. மழை ஈரத்திலும் விடுவதில்லை, குளம்பு பட்டுத் தரை இறுகிவிடும்.

கொழுக்கட்டை விதை வாங்கும்போது எந்த வருடத்து விதை என்று கேளுங்கள். புதிதாகப் பறித்தது உறக்கத்தில் இருக்கும், ஆறு மாதமாவது வைத்திருந்த விதைதான் நன்றாக முளைக்கும். ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ போதும். பஞ்சுபோலப் பறக்கிற விதை, ஈர மணலோடு பிசறித் தூவ வேண்டும். காற்றில்லாத காலை வேளையில்.