கடைப் பெரியவரை நல்லபடியாகப் படம் எடுப்பது எப்படி?



கொள்முதல், வரி, தராசு முத்திரை என்று எத்தனையோ பாடங்களை நாம் படித்தாயிற்று. இம்முறை சற்று விலகி, முகப்படம் எடுக்கும் பாடம். இதற்கும் பலசரக்குக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

கடைத்தெருவில் ஒரு பெரியவர் காலமானால் என்ன நடக்கிறது? ஒரு மணி நேரத்துக்குள் அஞ்சலி நோட்டீசுக்கும் பிளக்ஸ் போர்டுக்கும் படம் கேட்டு ஆள் வந்துவிடுகிறார். வீட்டில் பீரோவைக் குடைகிறார்கள். பேரன் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். கடைசியில் கிடைப்பது ஆதார் அட்டையில் உள்ள படம்; அல்லது யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம். பக்கத்தில் இருந்தவரின் தோளை வெட்டி, முகத்தை வெளுப்பாக்கி, அவர் ஆயுளில் போட்டறியாத கோட்டு ஒன்றைப் போட்டு, அதைப் பெரிதாக்குகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கல்லாவில் இருந்து பாதி ஊருக்குக் கடன் கொடுத்து வாங்கிய மனிதர் அந்தப் படத்தில் இல்லை. மற்ற எந்தச் சரக்கும் தீர்ந்துபோனால் மறுபடி தருவித்துக்கொள்ளலாம். இதை மட்டும் எந்த ஊரிலிருந்தும் தருவிக்க முடியாது.

அந்தக் காலத்தில் படம் எடுப்பதென்றால் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும், பிலிம் வேண்டும், செலவு உண்டு. இன்று கடைப் பையனின் சட்டைப் பையிலேயே கேமரா இருக்கிறது. கருவியில் குறையில்லை, எடுக்கும் முறைதான் தெரிய வேண்டும். அது கடினமும் இல்லை. பாதி நமக்குத் தெரிந்ததே.

1. வெளிச்சம்: சாம்பிள் பார்க்கும் இடம்

மிளகாய் வத்தல் சாம்பிள் வந்தால் அதை எங்கே வைத்துப் பார்க்கிறோம்? கடைக்குள் விளக்கடியிலா? இல்லை. ஒரு கைப்பிடி அள்ளி வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பரப்பிப் பார்க்கிறோம். விளக்கடியில் எல்லா வத்தலும் ஒன்றுபோல் இருக்கும். வாசலில்தான் நிறம் நிறமாகத் தெரியும். முகத்துக்கும் அதே இடம்தான்.

ஆனால் வெயிலில் நிறுத்தக் கூடாது. உச்சி வெயிலில் கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும், கண்ணும் கூசும். ஷட்டருக்கு உள்ளே மூன்று நான்கு அடி தள்ளி, நிழலில் ஒரு ஸ்டூல் போட்டு, தெருவைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். திறந்த ஷட்டர் முழுவதும் ஒரு பெரிய ஜன்னலாகிவிடுகிறது. ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழல் மென்மையாக விழும்; சிறிதானால் கத்தியால் வெட்டியதுபோல் விழும். படக்கலையின் முதல் வாய்ப்பாடு இதுதான்.

உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்தால் ஒரு கன்னத்தில் வெளிச்சம் கூடுதலாகவும் மறு கன்னத்தில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் முகத்தின் மேடு பள்ளம் தெரியும். நிழல் பக்கம் அதிகமாக இருண்டால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். படம் எடுப்பவர் வாசல் ஓரமாக நிற்க வேண்டும். நடுவில் நின்று வெளிச்சத்தை மறைக்கக் கூடாது.

இன்னும் சில குறிப்புகள். வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்; இல்லையென்றால் முகமும் நீலம் பூத்துவிடும். கடைக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் ஒளியின் நிறம் வேறு, பல்பின் நிறம் வேறு. இரண்டும் கலந்தால் கன்னத்துக்கு ஒரு நிறமாகத் தெரியும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். நெற்றி எண்ணெய் வழிவதுபோல் பளபளக்கும். மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால், முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியின் காதுப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். அவர் எப்போதும் கண்ணாடி அணிபவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள்.

காலை எட்டு, ஒன்பது மணி நல்ல நேரம். மாலை நான்கு மணிக்கு மேலும் எடுக்கலாம். வாசலில் நேர் வெயில் விழாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தூரம்: ஒரு சிறு கணக்கு

செல்போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழுகிறது. போனைக் குறை சொல்லிப் பயனில்லை. இது தூரக் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 24 அங்குலத்தில் இருந்தால் காது 29 அங்குலத்தில் இருக்கும். மூக்கு ஏறத்தாழ 20 சதவீதம் பெரிதாகத் தெரியும். 72 அங்குலம், அதாவது ஆறடி தள்ளிப் போனால் காது 77 அங்குலத்தில் இருக்கும். வித்தியாசம் 7 சதவீதமாகக் குறைந்துவிடும். கேமராக்காரர்கள் முகம் எடுக்க 85 மில்லிமீட்டர் போன்ற நீள லென்ஸ் வைத்துக்கொண்டு தள்ளி நிற்பதன் காரணம் இதுதான்.

ஆகவே ஐந்து அல்லது ஆறடி தள்ளி நில்லுங்கள். போனில் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்குக்குத் தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சாதாரணமாகவே எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம்.

உயரமும் முக்கியம். பெரியவர் உட்கார்ந்திருக்க, நாம் நின்றுகொண்டு எடுத்தால் வழுக்கைதான் பெரிதாக விழும். கேமரா அவர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நாமும் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வது மரியாதைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கையும் மாவுக் கையும் பட்ட லென்ஸில் படம் புகை மூட்டமாகத்தான் விழும். நம் பெரியவர்கள் பலருக்கும் வெள்ளைச் சட்டைதான் வழக்கம். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். திரையில் அவர் கண்ணின் மேல் விரலால் தொட்டால், கண் துல்லியமாகவும் முகம் சரியான வெளிச்சத்திலும் அமையும்.

3. பின்னணி

தலைக்குப் பின்னால் சிப்ஸ் பாக்கெட் சரமும் ஷாம்பு சரமும் தொங்கினால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். அவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். தலையிலிருந்து கம்பி முளைத்ததுபோல் எதுவும் தெரிகிறதா என்றும் பாருங்கள். சாக்கு மூட்டை அடுக்கு மிகச் சிறந்த பின்னணி. நிறம் அடங்கியிருக்கும், அவர் யார் என்பதையும் சொல்லும். முதுகுக்கும் பின்னணிக்கும் ஐந்தாறு அடி இடைவெளி இருந்தால் முகம் தனித்துத் தெரியும்.

தோள் வரை ஒரு படமும், கல்லாவில் கை வைத்தபடி இடுப்பு வரை ஒரு படமும் எடுங்கள். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்த கையும், பொட்டலம் கட்டிய விரலும் முகம் அளவுக்குப் பேசும்.

4. முகத்தைத் திறக்க வைப்பது

"சிரிங்க" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை; பல் மட்டும்தான் தெரியும். இதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு உதாரணம் உண்டு. 1941 டிசம்பர் 30ஆம் தேதி, கனடா நாட்டின் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பேசி முடித்து வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலை யூசுப் கார்ஷ் என்ற படக்கலைஞர் எடுத்தார். வாயில் சுருட்டோடு இருந்த சர்ச்சில் அதை எடுக்கவில்லை. கார்ஷ் அருகே போய், மன்னிக்கச் சொல்லிவிட்டு, சுருட்டைப் பிடுங்கிவிட்டார். சர்ச்சில் முறைத்தார், அந்த முறைப்பே படமாயிற்று. 2016இல் இங்கிலாந்து வெளியிட்ட ஐந்து பவுண்டு நோட்டில் இருப்பதும் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்த முகமே.

நம் வீட்டு அண்ணாச்சியின் வாயிலிருந்து வெற்றிலையைப் பிடுங்கச் சொல்லவில்லை! பாடம் வேறு. எதிரில் இருப்பவர் கேமராவை மறக்கும் கணம் ஒன்று உண்டு; அதை வரவழைக்க வேண்டும். நம்மவர்களுக்கு அதற்கு வழி பேச்சுதான். ஒருவர் பேச்சுக் கொடுக்கட்டும், ஒருவர் எடுக்கட்டும். முதல் லோடு எந்த ஊரிலிருந்து இறங்கியது, வாராத கடனை யாரிடம் எப்படி வசூல் செய்தார் என்று கேளுங்கள். 1957இல் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்ததைப் பார்த்த வயதுக்காரர் என்றால் அதைக் கேளுங்கள். பதில் சொல்லும்போது வாய் அசையும். அப்போது எடுக்க வேண்டாம். சொல்லி முடித்து ஒரு கணம் நிறுத்துவார் பாருங்கள், அப்போது எடுங்கள். பிலிம் செலவு இல்லை. முப்பது நாற்பது எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

5. முகத்தில் கலப்படம் வேண்டாம்

நாம் கலப்படம் செய்யாமல் வியாபாரம் செய்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள். படத்திலும் அப்படியே இருப்போம். பல போன்களில் முகத்தைத் தானாகவே வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் வசதி இருக்கிறது. எடுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். நெற்றிச் சுருக்கம், மூட்டை சுமந்த நாளில் ஏற்பட்ட தழும்பு, கறுத்த நிறம் எல்லாம் அவர் சம்பாத்தியம். அழித்துவிட்டால் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது வேறு யாரையோ.

6. இருப்பு வைத்தல்

போனிலேயே இருக்கும் படம் பற்று எழுதாத கடன் மாதிரி. போன் தொலைந்தால் அதுவும் போயிற்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் முழு அளவில் போகும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. 8க்கு 12 அங்குலப் படத்துக்கு 2400 பெருக்கல் 3600, அதாவது சுமார் 86 லட்சம் புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தில் 120 லட்சம் இருக்கிறது. ஓரத்தை அதிகம் வெட்டாமல் இருந்தால் போதுமானது.

இரண்டு பிரிண்ட் போடுங்கள். கல்லாவுக்கு மேலே மாட்டும் படத்தில் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். வெயில் பட்டால் வெளுக்கும். ஆகவே ஒன்று வீட்டில், நிழலில் இருக்கட்டும். பின்பக்கம் பெயர், தேதி, ஊர் மூன்றையும் பென்சிலால் அழுத்தாமல் எழுதி வையுங்கள். விலாசம் எழுதாத மூட்டை யாருடையது என்று நாளைக்குத் தெரியாது.

கடைசியாக, மறுப்பவர்களைப் பற்றி

"எனக்கெதுக்குப்பா இப்ப படம்?" என்று பெரியவர்கள் தட்டிக் கழிப்பார்கள். தனியாகப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் பழைய ஆட்களிடம் உண்டு. மாலை போடத்தான் எடுக்கிறார்களோ என்ற நினைப்பும் சிலருக்கு வரும். அது நியாயமான வருத்தம்தான், வற்புறுத்தக் கூடாது. ஆயுத பூஜையன்றோ, புதுக் கணக்கு போடும் நாளிலோ, மே 5 வணிகர் தின மலருக்கென்றோ காரணம் சொல்லி எடுங்கள். முதலில் பேரனோடு சேர்த்து ஒன்று எடுத்துவிட்டு, பிறகு பேரனை நகரச் சொன்னால் தனிப்படம் கிடைத்துவிடும். எடுத்ததும் அவரிடமே காட்டுங்கள். அவருக்குப் பிடித்ததே நல்ல படம். அதை உடனே பிரேம் போட்டு, அவர் கண் முன்னாலேயே மாட்டுங்கள். மாலை போட மட்டும்தான் படம் என்ற வழக்கம் அப்படித்தான் மாறும்.

ஆச்சிமாரையும் விட்டுவிடாதீர்கள். கல்லாவில் உட்காராவிட்டாலும், புளிக்குக் கொட்டை எடுத்து, வத்தலுக்குக் காம்பு கிள்ளி, பொட்டலத் தாள் கிழித்துக் கொடுத்துக் கடையை வளர்த்தவர்கள் அவர்கள். பல வீடுகளில் அவர்களுக்கு ஒரு தனிப்படம்கூட இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் குறைந்த நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள். ஒரு ஸ்டூல், ஒரு தெர்மகோல் அட்டை, துடைத்த லென்ஸ். செலவு இவ்வளவுதான்.