நிலைமின்னியல்: இடம்மாறுவது எது?

மாணவர்களே, "பட்டுத்துணியால் தேய்த்த கண்ணாடிக் கோல் நேரேற்றம் பெறுவது ஏன்?" என்ற வினாவுக்கு, "பட்டிலிருந்து புரோத்தன்கள் கோலுக்குச் சென்றன" என விடை எழுதிப் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். இவ்வலகில் நீங்கள் முதலில் தெளிய வேண்டியது இதுவே.

1. அணுவும் ஏற்றமும்
புரோத்தன் நேரேற்றமுடையது, இலத்திரன் மறையேற்றமுடையது. ஒவ்வொன்றினதும் ஏற்றத்தின் பருமன் 1.6 × 10⁻¹⁹ கூலோம். புரோத்தன்கள் கருவினுள் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. உராய்வினால் அவற்றை வெளியேற்ற முடியாது. வெளியே உள்ள இலத்திரன்களே இடம்மாறும்.

2. உராய்வினால் ஏற்றம் பெறல்
• கண்ணாடி – பட்டு: இலத்திரன்கள் கண்ணாடியிலிருந்து பட்டுக்குச் செல்லும். கண்ணாடி நேரேற்றமும் பட்டு மறையேற்றமும் பெறும்.
• எபனைற்று – கம்பளி: இலத்திரன்கள் கம்பளியிலிருந்து எபனைற்றுக்குச் செல்லும். எபனைற்று மறையேற்றம் பெறும்.

ஒன்று இழந்த அளவையே மற்றையது பெறுகின்றது. ஆகவே உராய்வு ஏற்றத்தை உண்டாக்குவதில்லை, பிரித்து வைக்கின்றது.

கண்ணாடியின் ஏற்றத்தை "நேர்" எனக் கொள்ளும் வழக்கம் பெஞ்சமின் பிராங்கிளினுடையது (1747). இலத்திரன் கண்டறியப்பட்டது 1897இல்தான். பெயர் முந்தியது, காரணம் பிந்தியது. எனவே "நேரேற்றம் பெற்றது" என்ற சொல்லைக் கண்டதும் "இலத்திரனை இழந்தது" என வாசியுங்கள்.

3. ஏற்றமற்ற கடதாசி கவரப்படுவது ஏன்?
தேய்த்த எபனைற்றுக் கோலைக் கடதாசித் துண்டின் அருகே கொண்டுவரும்போது, கடதாசியின் மூலக்கூறுகளிலுள்ள இலத்திரன்கள் சற்று அப்பால் விலகும். கோலுக்கு அண்மையிலுள்ள பக்கம் நேராகும். அப்பக்கத்தின் கவர்ச்சி, தொலைவிலுள்ள பக்கத்தின் தள்ளுகையிலும் கூடியது. ஏற்றமற்ற பொருளும் கவரப்படுவதால், ஒரு பொருள் ஏற்றமுடையது என்பதற்கு உறுதியான சான்று தள்ளுகையே.

4. மின்னல்
முகிலினுள் பனிக்கட்டித் துணிக்கைகள் மோதுவதால் ஏற்றங்கள் பிரிகின்றன. பெரும்பாலும் முகிலின் கீழ்ப்பகுதி மறையேற்றம் பெறும். அது நிலத்திலுள்ள இலத்திரன்களைத் தள்ளுவதால் நிலத்தின் மேற்பரப்பு நேராகும். இங்கும் புரோத்தன் அசையவில்லை. ஏற்ற வேறுபாடு மிகும்போது, காவலியான வளியினூடாகவே மின்னிறக்கம் நிகழும், அதுவே மின்னல்.

இலங்கையில் மார்ச்–ஏப்ரல், ஒக்ரோபர்–நவம்பர் இடைப்பருவக் காலங்களில், பிற்பகலில் இடிமின்னல் அதிகம். முழக்கம் கேட்டதும் வயலையும் மைதானத்தையும் விட்டுக் கட்டடத்தினுள் செல்லுங்கள். தனிமரத்தின் கீழ் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று.

மாதிரி வினா
கம்பளியால் தேய்த்த எபனைற்றுக் கோலொன்று 5 × 10¹⁰ இலத்திரன்களைப் பெற்றது. (அ) கோலின் ஏற்றம் யாது? (ஆ) கம்பளியின் ஏற்றம் யாது?

விடை
(அ) 5 × 10¹⁰ × 1.6 × 10⁻¹⁹ = 8 × 10⁻⁹. கோல் மறையேற்றமுடையது, ஆகவே − 8 × 10⁻⁹ கூலோம்.
(ஆ) + 8 × 10⁻⁹ கூலோம்.

குறியையும் அலகையும் எழுத மறவாதீர்கள்.